வீட்டுக்குழுக்களைச் சுற்றி ஒரு சபையை அமைப்பது: முழுமையான வழிகாட்டி

இருநூறு குடும்பங்கள் உள்ள ஒரு சபை, போதகர் ஒருவர். ஞாயிறு நீங்கலாக நாளுக்கு ஒரு வீடு என்று சந்திக்கப் போனாலும் எல்லாரையும் ஒருமுறை பார்த்து முடிக்க அவருக்கு எட்டு மாதம் ஆகும். நடுவில் கல்யாணம், அடக்க ஆராதனை, கமிட்டி, கட்டட வேலை எல்லாம் வரும். யாருக்கு வேலை போயிற்று, யார் மூன்று வாரமாகக் கோயிலுக்கு வரவில்லை, எந்த வீட்டில் கணவனும் மனைவியும் பேசிக்கொள்வதில்லை என்பதெல்லாம் அவர் காதுக்கு எட்டும்போது காரியம் முற்றிப் போயிருக்கும். யாத்திராகமம் 18-ஆம் அதிகாரத்தில் மோசேயின் மாமன் எத்திரோ கண்டதும் இதுதான். காலைமுதல் சாயங்காலம்வரை ஜனங்கள் நிற்கிறார்கள், ஒரே மனிதன் உட்கார்ந்து விசாரிக்கிறான். ஆயிரம், நூறு, ஐம்பது, பத்து என்று பிரித்துப் பொறுப்பாளர்களை வைக்கச் சொன்னார் எத்திரோ. வீட்டுக்குழு என்பது அந்தக் கடைசிப் பத்து.

வீட்டு ஜெபக்கூட்டம் நம் சபைகளுக்குப் புதிதல்ல. வாரம் ஒரு வீட்டில் சாமியானா போட்டு, நாற்காலி இறக்கி, போதகர் பிரசங்கம் செய்து, டிபனோடு முடியும். அதற்கு ஒரு பயன் உண்டு. ஆனால் கோயிலில் நடப்பதுதான் அங்கேயும் நடக்கிறது: ஒருவர் பேசுகிறார், மற்றவர்கள் கேட்கிறார்கள். இங்கே நான் சொல்லப்போவது, ஒருவரையொருவர் விசாரிக்கும் பொறுப்பையே சிறு குழுக்களிடம் ஒப்படைத்து, சபையின் மற்ற வேலைகளை அதற்கேற்ப மாற்றி அமைப்பதைப் பற்றி. மேய்ப்பு வேலை உண்மையில் கைமாறினால்தான் வீட்டுக்குழு நிற்கும். கைமாறாவிட்டால் அது இன்னொரு கூட்டம், ஆறு மாதத்தில் ஓய்ந்துவிடும்.

முன்பு செய்தவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது

முதல் நூற்றாண்டுச் சபைக்கு வீடுதான் ஆலயம். எருசலேமில் மாற்கு எனப்பட்ட யோவானின் தாய் மரியாளின் வீடு, பிலிப்பியில் லீதியாளின் வீடு, ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் போன ஊரில் எல்லாம் அவர்கள் வீடு. பவுலின் நிருபங்களில் வாழ்த்துதல் பகுதியை மட்டும் வாசித்தாலே இந்த வீடுகள் வரிசையாக வரும்.

பிற்காலத்தில் பெரிய சபைகள் மறுபடி வீட்டுக்குத் திரும்பிய சந்தர்ப்பங்களில் மூன்று நமக்கு முக்கியம்.

ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் பிலிப் யாக்கோப் ஸ்பெனர் என்ற போதகர் 1670-இல் தம் வீட்டிலேயே வேதம் வாசித்துக் கலந்துபேசும் கூட்டங்களைத் தொடங்கினார். அதிலிருந்து பரவிய பயட்டிசம் என்ற கிறிஸ்தவப் பக்தி இயக்கம் ஹாலே நகரில் வேரூன்றியது. அந்த ஹாலேயின் மாணவர்தான் 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய மிஷனரி சீகன்பால்க். தமிழ்ப் புராட்டஸ்டன்ட் சபையின் பூர்வீகத்தில் ஒரு வீட்டுக்கூட்டம் இருக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஆனால் பிராங்க்பர்ட்டில் அந்தக் கூட்டங்களுக்கு வந்தவர்களில் சிலர் பிறகு சபையைவிட்டே விலகிப்போனார்கள். அதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 1742-இல் மெதடிஸ்ட் கூடத்தின் கட்டடக் கடனை அடைக்க வழி தேடினார்கள். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று முடிவானது. ஏழைகளால் முடியாதே என்று ஒருவர் கேட்டார். ஃபாய் என்ற கப்பல் தலைவர் எழுந்து, மிக ஏழைகளான பதினோரு பேரை என்னிடம் விடுங்கள், வாரம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன், அவர்களால் முடியாததை நான் போடுகிறேன் என்றார். இப்படிப் பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்று வீடுவீடாகக் காசு வாங்கப் போனவர்கள், அந்த வீடுகளில் நடப்பதையெல்லாம் கண்டு வந்து மெதடிஸ்ட் இயக்கத்தின் தலைவரான ஜான் வெஸ்லியிடம் சொன்னார்கள். இத்தனை நாளாகத் தமக்குத் தேவைப்பட்டது இதுதான் என்று அவர் உடனே புரிந்துகொண்டார். கடன் வசூல் மேய்ப்பாக மாறியது.

மூன்றாவது, தென்கொரியாவின் சியோல். 1964-இல் அங்கே ஒரு சபையின் போதகரான டேவிட் யாங்கி சோ வேலைப் பளுவால் உடைந்து படுத்துவிட்டார். எத்திரோவின் யோசனையைப் படித்து, நகரத்தை வீட்டுக்குழுக்களாகப் பிரிக்கத் துணிந்தார். ஆண் தலைவர்கள் தயங்கினார்கள். பெண்கள் முன்வந்தார்கள். அவர்கள் கையில்தான் அந்தச் சபை உலகின் மிகப்பெரிய சபைகளில் ஒன்றாக வளர்ந்தது. அதே சோ 2014-இல் சபைப் பண விவகாரத்தில் நீதிமன்றத்தால் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டார். அடியில் ஆயிரம் குழுக்கள் இருந்தாலும், மேலே இருப்பவரைக் கணக்குக் கேட்க ஆள் இல்லையென்றால் அந்தக் குழுக்களால் சபையைக் காப்பாற்ற முடியாது.

நம் கத்தோலிக்கச் சகோதரர்களின் அன்பியங்களையும் சொல்லாமல் விட முடியாது. பங்கை முப்பது குடும்பம் போலப் பிரித்து வீடுகளில் கூடும் இந்த வழக்கம் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நன்றாக வேரூன்றியிருக்கிறது. புராட்டஸ்டன்ட் சபைகள் பக்கத்துத் தெருவில் இருப்பதைப் பார்க்காமல் சியோலையும் சிங்கப்பூரையும் பார்த்துக்கொண்டிருப்பது வருத்தம்தான். உங்கள் ஊர் அன்பியத் தலைவர் ஒருவரோடு ஒரு மாலை உட்கார்ந்து பேசுங்கள். புத்தகத்தில் இல்லாதது கிடைக்கும்.

முதல் படி: எதை நிறுத்துவது என்று முடிவெடுங்கள்

சபையில் ஒரு வாரத்தில் நடக்கும் எல்லாக் கூட்டங்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். செவ்வாய் பெண்கள் கூட்டம், புதன் வேதபாடம், வெள்ளி உபவாச ஜெபம், சனி பாடகர் பயிற்சியும் வாலிபர் கூட்டமும். இவை எல்லாவற்றுக்கும் வருகிறவர்கள் பெரும்பாலும் அதே முப்பது பேர்தான். இதன் மேல் வீட்டுக்குழுவையும் ஏற்றினால் அவர்கள் களைத்துப்போவார்கள், வராதவர்கள் வராமலே இருப்பார்கள்.

ஆகவே வீட்டுக்குழு நடக்கும் நாளில் வேறு எதுவும் வேண்டாம். குறைந்தது ஒரு வாரக் கூட்டத்தையாவது முழுவதுமாக நிறுத்திவிட்டு அதன் இடத்தில் இதை வையுங்கள். கமிட்டியில் பேசி மினிட்ஸில் எழுதுங்கள். முப்பது வருஷமாக நடக்கும் கூட்டத்தை நிறுத்துவதா என்று யாராவது மனம் நோவார்கள். அவர்களைப் போதகர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். ஞாயிறு அறிவிப்பு போதாது.

இரண்டாம் படி: தலைவர்களை முதலில் ஒரு குழுவாக்குங்கள்

பெரும்பாலான சபைகள் இந்த இடத்தில் அவசரப்படுகின்றன. ஒரே ஞாயிறில் இருபது குழுக்களை அறிவித்து, இருபது பேருக்குத் துண்டு போர்த்தி, கையில் ஒரு பாடப் புத்தகத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். குழுவில் உட்கார்ந்து பழகாத ஒருவரால் குழுவை நடத்த முடியாது. அவருக்குத் தெரிந்தது பிரசங்கம். அதைத்தான் செய்வார்.

அதனால் போதகரே தம் வீட்டில் எட்டு அல்லது பத்துப் பேரை வைத்து ஒரு முன்னோடிக் குழுவை மூன்று மாதம் நடத்தட்டும். பின்னால் எல்லாக் குழுவும் எப்படி நடக்க வேண்டுமோ அப்படியே. முதல் மாதம் அவர் நடத்துவார், இரண்டாம் மாதம் வந்தவர்கள் மாறிமாறி நடத்துவார்கள், மூன்றாம் மாதம் இருவர் இருவராகச் சேர்ந்து வீடு சந்திக்கப் போவார்கள். இதிலிருந்து நான்கு குழு பிறந்தால் போதும். இருபதுக்கு இரண்டு வருஷம் ஆகட்டும்.

யாரைத் தேர்ந்தெடுப்பது? நன்றாகப் பேசுகிறவரைத் தேடாதீர்கள். துக்க வீட்டுக்கு யார் முதலில் போகிறார், ஆஸ்பத்திரியில் யார் இரவு துணைக்கு இருக்கிறார், யாரிடம் சொன்ன விஷயம் வெளியே வருவதில்லை என்று பாருங்கள். அந்தப் பெயர்கள் பெரும்பாலும் கமிட்டிப் பட்டியலில் இருக்காது. பெண்களின் பெயர்கள் அதிகம் வரும். வரட்டும். பெண் தலைமையில் ஆண்கள் உட்காருவார்களா என்ற தயக்கம் இருந்தால் கணவன் மனைவி இருவரையும் சேர்த்துப் பொறுப்பில் வைக்கலாம். ஆனால் வேலை செய்கிறவர் அவர் மனைவி என்றால் தலைவர் என்று அறிவிக்கும்போது அந்த அம்மாவின் பெயரையும் சொல்லுங்கள்.

தலைவருக்கு உண்மையான பொறுப்பு கொடுக்கப்பட வேண்டும். தன் குழுவில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதலில் போவது அவர். உதவி நிதியிலிருந்து அவசரத்துக்கு ஒரு சிறு தொகையைப் போதகரிடம் கேட்காமலே கொடுக்கும் உரிமையும் அவருக்கு வேண்டும், பிறகு கணக்கு காட்டினால் போதும். இது இல்லையென்றால் ஜனங்கள் அவரைத் தாண்டிப் போதகரைத்தான் தேடுவார்கள், அதில் தப்பும் இல்லை.

மூன்றாம் படி: குடும்பங்களைப் பிரிப்பது

ஐந்து முதல் ஏழு குடும்பம், பெரியவர்கள் பன்னிரண்டு பேர் வரை. நம் வீட்டு ஹாலில் பாய் விரித்தால் வட்டமாக உட்காரக்கூடிய எண்ணிக்கையும் இதுதான். பதினைந்தைத் தாண்டினால் வட்டம் வரிசையாகிவிடும், பின்வரிசை பேசாது.

நடந்து வரும் தூரத்தில் இருக்கிறவர்களைச் சேர்ப்பதுதான் எளிய வழி. ஆனால் இங்கே ஒன்றை நாம் வெளிப்படையாகப் பேசியே ஆக வேண்டும். நம் ஊர்களில் தெரு என்பது பல இடங்களில் சாதிதான். தெருவாரியாகப் பிரித்தால், ஞாயிறில் ஒரே பந்தியில் திருவிருந்து எடுக்கிறவர்கள் வாரநாளில் சாதிவாரியாகக் கூடும் ஒரு ஏற்பாட்டை நாமே செய்துகொடுத்ததாகும். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் வெளியேறினார்கள். மேலிருந்து வந்த உத்தரவால் முடியாததை ஒரு வீட்டுக் குழு மெல்லச் செய்ய முடியும். அதற்கு எல்லைக்கோட்டைத் தெருவைவிடப் பெரிதாகப் போட வேண்டும். இரண்டு மூன்று தெருக்கள், ஒரு காலனி, ஒரு அடுக்குமாடி என்று கலந்து போடுங்கள்.

அப்புறம் வீடு சுழல வேண்டும். வசதியான வீடு ஒன்றிலேயே எப்போதும் நடத்துவது சுலபம்தான், ஃபேன் இருக்கும், இடம் இருக்கும். ஆனால் அப்போது அந்த வீட்டுக்காரர் தருகிறவராகவும் மற்றவர்கள் எப்போதும் விருந்தாளிகளாகவும் ஆகிவிடுவார்கள். ஒற்றை அறை வீடாக இருந்தாலும் அங்கேயும் ஒரு வாரம் கூடுங்கள். இடம் போதாவிட்டால் வாசலில், மாடியில் உட்காருங்கள். அந்த வீட்டில் தரும் டீயை எல்லாரும் குடிக்க வேண்டும். "இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன்" என்று ஒரே ஆள் ஒரே வீட்டில் திரும்பத் திரும்பச் சொல்கிறாரா என்று தலைவர் கவனிக்கட்டும். சொன்னால், தனியே அழைத்துப் பேச வேண்டும். கொரிந்து சபையில் வசதியானவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டு இல்லாதவர்களை வெட்கப்படுத்தினார்கள் என்று பவுல் கடிந்துகொண்டதும் இப்படி வீட்டில் நடந்த பந்தியில்தான்.

ஆதிச் சபையிலும் இது லேசாகத் தீரவில்லை. அப்போஸ்தலர் 6-இல் கிரேக்கு மொழி பேசும் விதவைகள் அன்றாடப் பங்கீட்டில் விடுபட்டார்கள். அப்போஸ்தலர்கள் புகாரை மறைக்கவில்லை, ஏழு பேரை நியமித்தார்கள். அந்த ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள்! விடுபட்டவர்களின் கையிலேயே பங்கீடு கொடுக்கப்பட்டது என்று தோன்றுகிறது. உங்கள் முதல் நான்கு தலைவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: வீடும் அக்கம்பக்கமும்

வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லுங்கள். மைக் வேண்டவே வேண்டாம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு அனுமதி வாங்க வேண்டும், இரவு 10 மணிக்குமேல் திறந்த வெளியில் போடவே கூடாது. பன்னிரண்டு பேருக்கு எதற்கு மைக்? கீபோர்டும் டிரம்ஸும் கோயிலில் இருக்கட்டும். பைக்கைப் பக்கத்து வாசலில் நிறுத்தாதீர்கள். பக்கத்து வீட்டில் துக்கம் என்றால் அன்று பாடாமல் ஜெபித்துவிட்டுப் போங்கள். பக்கத்து வீட்டார் எந்த மதத்தவராக இருந்தாலும் அவர்களுக்கு இந்தக் கூட்டம் ஒரு தொல்லை என்று தோன்றக் கூடாது.

சாப்பாடு: டீ, கூட ஒரு பிஸ்கட் அல்லது சுண்டல். அதற்குமேல் கூடாது என்று முதல் நாளிலேயே சட்டம் போடுங்கள். ஒரு வீட்டில் போண்டா வந்தால் அடுத்த வீட்டில் பஜ்ஜியும் கேசரியும் வரும். பிறகு முடியாதவர்கள் தங்கள் முறை வரும்போது ஊருக்குப் போய்விடுவார்கள்.

ஐந்தாம் படி: அந்த ஒன்றரை மணி நேரம்

ஏழேகாலுக்குத் தொடங்கினால் எட்டேமுக்காலுக்கு முடியட்டும். நேரத்துக்கு முடியும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் காலையில் ஐந்து மணிக்கு எழுந்து சமைக்கும் பெண்களும், ஷிப்டு வேலைக்காரர்களும், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்திருப்பவர்களும் வருவார்கள்.

எல்லாருக்கும் தெரிந்த இரண்டு கீர்த்தனைகள், ஒரு சின்ன ஜெபம். அதன்பின் ஒரு சுற்று: போன வாரம் எப்படிப் போனது என்று ஒவ்வொருவரும் இரண்டு நிமிஷம் சொல்ல வேண்டும். வெஸ்லியின் அந்தப் பன்னிரண்டு பேர் குழுக்களில், அதாவது அவர்கள் சொன்ன 'வகுப்பு'களில், ஆத்துமா எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். நம்மவர்களிடம் அப்படி நேராகக் கேட்டால் "ஸ்தோத்திரம், நல்லா இருக்கேன்" என்று முடித்துக்கொள்வார்கள். வாரத்தைப் பற்றிக் கேட்டால் ஆத்துமாவும் தானாக வெளியே வரும்.

பிறகு வேதம், அரை மணி நேரம். ஞாயிறு பிரசங்கப் பகுதியையே எடுத்துக்கொண்டால் தனிப் பாடப் புத்தகம் தேவையில்லை. கேள்விகளைப் போதகர் எழுதிக் கொடுக்கட்டும், மூன்று போதும். ஆனால் கேள்வி சரியாக அமைய வேண்டும். லூக்கா 10-இல் மார்த்தாள், மரியாள் பகுதியை எடுத்துக்கொள்வோம். "மார்த்தாள் செய்த தவறு என்ன?" என்றால் ஒருவர் பதில் சொல்வார், எல்லாரும் தலையாட்டுவார்கள், முடிந்தது. மாறாக, "மார்த்தாள் தன் குறையைத் தங்கையிடம் சொல்லாமல் ஏன் இயேசுவிடம் சொன்னாள்?" என்று கேளுங்கள். பிறகு, "இந்த வாரம் உங்கள் வீட்டில் விருந்தாளி வந்தபோது சமையலறையில் யார் இருந்தார்கள், ஹாலில் யார் இருந்தார்கள்?" இந்தக் கேள்விக்கு அறையில் இருக்கும் மருமகள்கள் பேசுவார்கள், ஆண்கள் கொஞ்ச நேரம் மௌனமாக இருப்பார்கள். அந்த மௌனத்தைத் தலைவர் நிரப்பக் கூடாது.

கேள்வி கேட்டு நடத்தத் தெரியாதவர்களுக்கு அன்பியங்களில் பழகிய ஏழுபடி முறை நல்ல துணை. தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிலையத்தில் உருவானது அது. ஆண்டவரை அழைப்பது, பகுதியை வாசிப்பது, தொட்ட சொல்லை அல்லது சொற்றொடரை ஒவ்வொருவராக உரக்கச் சொல்வது, மௌனம், பகிர்தல், என்ன செய்யப் போகிறோம் என்று முடிவெடுத்தல், ஜெபம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் படித்தவரும் இதில் சமமாகப் பங்கெடுக்கலாம். ஆறாவது படியைப் பலர் அவசரத்தில் தாண்டிவிடுகிறார்கள். அதைத் தாண்டாதீர்கள்: இந்த வாரம் யார் யாரைப் பார்க்கப் போவது என்பது அங்கேதான் முடிவாகும்.

ஒருவரே பேசிக்கொண்டிருந்தால்? வயதில் பெரியவராக இருப்பார், அல்லது ஓய்வுபெற்ற வாத்தியாராக இருப்பார். "ஐயா, நீங்க சொன்னது நல்லா இருந்தது. இந்தப் பக்கம் அக்கா இன்னும் பேசலையே, சொல்லுங்கக்கா" என்று திருப்புங்கள். இரண்டு வாரம் அப்படியும் நிற்கவில்லை என்றால் கூட்டத்துக்கு முன் அவர் வீட்டுக்குப் போய், மற்றவர்களைப் பேச வைக்க உங்கள் உதவி வேண்டும் ஐயா என்று கேளுங்கள். பெரும்பாலும் பலிக்கும்.

கடைசியில் ஜெபம், இருவர் இருவராக. பெண்கள் பெண்களோடு, ஆண்கள் ஆண்களோடு. இதில்தான் வட்டத்தில் சொல்ல முடியாதது வெளியே வரும்.

சில கண்டிப்பான வரம்புகள்

குழுவில் பேசியது குழுவோடு நிற்க வேண்டும். "ஜெபிச்சுக்கோங்க" என்ற பெயரில் ஒரு வீட்டின் விஷயம் ஊர் முழுவதும் போவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். வாட்ஸ்ஆப் குழுவில் நேரமும் இடமும் மட்டும் போடுங்கள். ஒருவரின் நோய், கடன், குடும்பத் தகராறு எதுவும் அதில் வரக் கூடாது.

சீட்டு பிடிப்பது, கடன் கொடுக்கல் வாங்கல், ஆள் சேர்க்கும் வியாபாரங்களின் பொருள் விற்பது எதுவும் குழுவுக்குள் கிடையாது. ஒரு சீட்டு உடைந்தால் ஐந்து குடும்பம் சபையைவிட்டே போகும். காணிக்கை எடுப்பதாக இருந்தால் இரண்டு பேர் எண்ணி, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அந்த ஞாயிறே பொருளாளரிடம் கொடுத்துவிட வேண்டும்.

நோயாளிக்காக ஜெபியுங்கள். மாத்திரையை நிறுத்து என்று யாரும் யாரிடமும் சொல்லக் கூடாது. சொல்கிறவர் தலைவராக இருந்தால் அன்றே பொறுப்பிலிருந்து விலக்குங்கள்.

பிள்ளைகளைத் தனி அறையில் கதை சொல்லி வைத்திருந்தால் பெரியவர்கள் இரண்டு பேர் கூட இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும். யாராவது தன்னிடம் தவறாக நடந்துகொண்டதாக ஒரு பிள்ளை சொன்னால் அதைக் குடும்ப மானம், சபை மானம் என்று அமுக்கக் கூடாது. பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கடமை. குழந்தைகள் உதவி எண் 1098. இதை முன்னோடிக் குழுவிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆறாம் படி: சபையோடு இணைத்து வைப்பது

மாதம் ஒருமுறை எல்லாத் தலைவர்களும் போதகரோடு உட்கார வேண்டும். இந்தக் கூட்டம் நின்றால் மற்றவை தானாக நின்றுவிடும், அல்லது பிராங்க்பர்ட்டில் சிலர் போனதுபோல ஒரு குழு தனியே கிளம்பிவிடும். எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிக் கேட்பதில் நேரத்தைப் போக்காதீர்கள். யாரைப் பற்றிக் கவலையாக இருக்கிறது, உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். தலைவர்களும் சோர்கிறார்கள். அவர்களுக்கு இந்த ஒரு இடம்தான் வீட்டுக்குழு.

ஞானஸ்நானம், திருவிருந்து, திருமணம் எல்லாம் உங்கள் சபைமுறைப்படியே நடக்கட்டும். போதகரும் மாதத்துக்கு இரண்டு குழுக்களுக்காவது போக வேண்டும். போனால் பாயில் உட்கார்ந்து மற்றவர்களோடு ஒருவராக இருக்க வேண்டும், பிரசங்கம் கூடாது. முதலில் இது அவருக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

ஏழாம் படி: குழு பெருகும்போதும் மெலியும்போதும்

பதினைந்து பேர் தொடர்ந்து வரத் தொடங்கினால் இரண்டாக வேண்டிய நேரம். யாருக்கும் பிடிக்காது. இத்தனை மாதம் மனம்விட்டுப் பேசிய முகங்களை விட்டுப் போகச் சொல்கிறோம். அதனால் முதல் நாளிலேயே உதவித் தலைவர் ஒருவரை வைத்து, ஒரு நாள் இவர் சில குடும்பங்களோடு அடுத்த குழுவைத் தொடங்குவார் என்று சொல்லி வையுங்கள். பிரியும்போது எந்தக் குடும்பம் எங்கே என்பதை அவர்களே பேசி முடிவெடுக்கட்டும். நெருங்கிய சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே பக்கம் சேராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு குழுவும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்ந்து சாப்பிடலாம். அன்று மட்டும் சுண்டல் சட்டத்தைத் தளர்த்திக்கொள்ளுங்கள்.

எல்லாக் குழுவும் பெருகாது. இரண்டு வருஷம் ஐந்து பேரோடே ஓடும் குழுவும் நல்ல குழுவாக இருக்கலாம், அதைத் தொந்தரவு செய்ய வேண்டாம். ஆனால் சண்டையால் காலியான குழுவை இழுத்துக்கொண்டிருக்காதீர்கள். போதகர் போய் நன்றி சொல்லி முடித்துவைத்து, ஒவ்வொரு குடும்பத்தையும் அவர்கள் விரும்பும் குழுவில் சேர்த்துவிட வேண்டும். தலைவராக இருந்தவரை ஆறு மாதம் எந்தப் பொறுப்பும் இல்லாமல் ஓய்வாக உட்காரவிடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் எந்தக் குழுவிலும் சேராத குடும்பங்கள் இருக்கும். படுக்கையில் இருக்கும் முதியவர்கள், ஞாயிறும் வேலைக்குப் போகிறவர்கள், கூட்டமே பிடிக்காதவர்கள். வருஷத்துக்கு ஒருமுறை சபைப் பட்டியலை எடுத்து அந்தப் பெயர்களைத் தனியே எழுதுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் அதில் இரண்டு குடும்பம் வீதம் கொடுங்கள். குழுவுக்கு வரச் சொல்லி அவர்களை வற்புறுத்த வேண்டாம். மாதம் ஒருமுறை இருவராகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் போதும்.